துரு நெகிழ்த்தும் எண்ணெய்

உழவர் ஒருவர் கிணற்றடியில் நிற்கிறார். நீரேற்றும் பொறி பழுதுற்றதால் பயிர் வாடுகிறது. பொறியின் மூடியைக் கழற்றினால் பழுதை எளிதில் நீக்கிவிடலாம். ஆனால், மூடியைப் பிணித்துள்ள மரையாணிகள் துருவேறி இறுகிக் கிடக்கின்றன. அவர் ஸ்பானரைப் பூட்டித் தம் வலிமை முழுவதையும் செலுத்தித் திருகுகிறார். ஆணி கழலவில்லை, அதன் தலை முறிந்து வீழ்கிறது. சிறு வேலை பெருவேலையாகிவிட்டது. வலிமை தோற்ற இவ்விடத்தில் வெல்ல வல்லது எது? சில துளி எண்ணெயே!

இரும்பு, ஈரத்தோடும் காற்றிலுள்ள உயிர்வளியோடும் கூடும்போது துரு உண்டாகிறது. அழிந்த இரும்பைப்போல் இருமடங்குக்கு மேலான இடத்தை அத்துரு அடைத்துக்கொள்ளும். ஆதலின், ஆணிக்கும் நட்டுக்கும் இடையேயுள்ள மரைகளில் தோன்றும் துரு, ஆப்பு அறைந்தாற்போல் இரண்டையும் நெருக்கிப் பிணித்துவிடுகிறது.

விளக்கின் திரியில் எண்ணெய் தானே மேலேறுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே நீர்த்த எண்ணெயும் நுண்ணிய இடுக்குகளில் தானே ஊர்ந்து செல்லும். தடித்த எண்ணெயோ வாயிலிலேயே தங்கிவிடும். உட்புகுந்த எண்ணெய் துருவைக் கரைத்துவிடுவதில்லை. உராய்வைக் குறைத்து, ஆணி அசைய வழிசெய்கிறது.

இத்தகைய எண்ணெயை வீட்டிலும் ஆக்கிக்கொள்ளலாம். மண்ணெண்ணெயுடன் சிறிது இயந்திர எண்ணெயைக் கலப்பது பழைய முறை. மேலை நாட்டுத் தொழிலாளர் சிலர், கார்களின் தானியங்கிப் பற்சக்கரப் பெட்டிக்குரிய எண்ணெயையும் அசிட்டோனையும் சம அளவில் கலப்பர். இவ்விரண்டும் பிரிந்து நிற்குமாதலால், ஒவ்வொரு முறையும் குலுக்கியே பயன்படுத்தல் வேண்டும். அசிட்டோன் வண்ணப் பூச்சையும் சிலவகைப் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும்.

கடைகளில் விற்கும் எண்ணெய்களுள் டபிள்யூ.டி.-40 என்பது புகழ்பெற்றது. அமெரிக்காவில் சான்டியாகோ நகரில் 1953-ஆம் ஆண்டில் அது உருவாயிற்று. ஈரத்தை அகற்றித் துருவைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். அட்லஸ் ஏவுகணையின் மேற்புறத்தைக் காக்க அது பயன்பட்டது. நாற்பதாம் முயற்சியில் வெற்றி கிட்டியமையின் அவ்வெண் அதன் பெயரில் நின்றது. இறுகிய ஆணிகளைக் கழற்றுவதற்கென்றே தனியாக ஆக்கப்பட்ட எண்ணெய்களும் இன்று கிடைக்கின்றன.

எந்த எண்ணெயாயினும் முறையறிந்து இடுதல் வேண்டும். முதலில் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து அகற்றுக. பின்னர் எண்ணெயைச் சொட்டாகவிட்டு, சுத்தியால் மெல்லத் தட்டுக. ஓர் இரவு ஊறவிட்டு, மீண்டும் எண்ணெய் இடுக. பிறகு ஸ்பானரை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துத் திருகுக. இவ்வெண்ணெய்களுள் பல எளிதில் தீப்பற்றுவன; ஆதலின் நெருப்பின் அருகே அவற்றைக் கையாளலாகாது. காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது. கழற்றிய ஆணியை மீண்டும் பூட்டுமுன் துடைத்துக் கிரீஸ் தடவினால், மறுமுறை இத்தொல்லை நேராது.

அவ்வுழவர் ஓரிரவு பொறுத்திருந்தால், மறுநாட் காலையில் வாய்க்காலில் நீர் ஓடியிருக்கும். பல்லாண்டுகளாக இறுகிய துருவை ஒரு நொடியில் வெல்ல முயல்வது அறிவுடைமை அன்று. எண்ணெய் தன் தொழிலைச் செய்யக் காலம் கொடுப்பவனே கைதேர்ந்த தொழிலாளி ஆவான்.