பட்டைச் சாணையை நாமே அமைத்தல்

சாணைச் சக்கரத்தை மிதித்துச் சுழற்றுவோரின் குரல் ஆழ்வார்பேட்டைத் தெருக்களில் இப்பொழுது அரிதாகவே கேட்கிறது. கிராமங்களிலும் நிலை ஏறத்தாழ இதுவே. மழுங்கிய மண்வெட்டியைப் பிடிக்கும் விவசாயி தம் உழைப்பில் ஒரு பகுதியை வீணாக்குகிறார். நாடாவின் இரும்பு முனையில் சிறு பிசிறு இருப்பினும் நெசவாளரின் பாவு நூல் அறுந்துகொண்டேயிருக்கும். அண்மையில் ஆழ்வார்பேட்டை வீடொன்றின் பின்புறக் கொட்டகையில், இல்லத்தார் தாமே அமைத்த பட்டைச் சாணையைக் கண்டோம். அதன் அமைப்பை அங்கத்தினர்க்கு விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சாணைப் பொருள்

இப்பொருள் நமக்குப் புதியதன்று. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' எனப்படும் கடினமான கனிமத்தின் பெயர் 'குருந்தம்' என்னும் தமிழ்ச் சொல்லின் வழி வந்தது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி அது கிடைக்கும் இடங்களுள் ஒன்று. 1891-இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்செசன் மின் உலையில் கார்பொரண்டம் என்னும் செயற்கைப் பொருளை உண்டாக்கினார். இத்தகைய துகள்களைத் துணியில் ஒட்டிய வளையமே சாணைப் பட்டை.

அமைப்பு

முதலில் பட்டையை வாங்கி, அதன் அளவுக்கேற்பச் சட்டத்தைச் செய்தல் நலம். இரண்டு அங்குல அகலமும் 72 அங்குலச் சுற்றளவும் உள்ள பட்டை நமக்குப் பொருந்தும். ஒரு குதிரைத் திறனுள்ள மோட்டார், மூன்று சக்கரங்கள், பேரிங்குகள், இரும்புச் சட்டம், ஒரு சுருள்வில் ஆகியவை வேண்டும். சென்னையில் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் இவற்றுட் பல கிடைக்கும்.

மோட்டாரிலுள்ள சக்கரம் பட்டையை இழுக்கும். மேலுள்ள சக்கரத்தைச் சுருள்வில் தள்ளிப் பட்டையை விறைப்பாக வைக்கும். இம்மேற்சக்கரத்தின் நடுப்பகுதி விளிம்புகளைவிடச் சற்றே உயர்ந்திருத்தல் வேண்டும். பட்டை எப்பொழுதும் உயர்ந்த பகுதியை நாடுமாதலால் நடுவிலேயே ஓடும். அச்சக்கரத்தைச் சிறிது சாய்க்க ஒரு திருகாணியும் அமைத்திடுக. பட்டையின் உட்புறத்தில் அம்புக்குறி இருப்பின் அத்திசையிலேயே ஓடச் செய்க. வேலை செய்யுமிடத்தில் பட்டை கீழ்நோக்கிச் செல்லல் அவசியம். மின்சாரம் கொடுக்குமுன் கையாற் சுற்றிப் பார்த்துக் கொள்க.

வேகமும் பதமும்

நிமிடத்திற்கு 1440 சுற்றுச் சுற்றும் மோட்டாரில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தைப் பொருத்தினால், பட்டை நிமிடத்திற்குச் சுமார் 450 மீட்டர் ஓடும். கத்தி செய்வோர் இதனினும் மிக்க வேகத்தை விரும்புவர். தீட்டுவதற்கு இதுவே போதும். வேகம் மிகுந்தால் சூடும் மிகும். அலகு நீலநிறம் அடைந்தால் கொல்லர் ஏற்றிய பதம் போயிற்று என்று அறிக. ஆகவே இரும்பை அடிக்கடி நீரில் தோய்த்தல் வேண்டும். மண்வெட்டிக்கு 80-ஆம் எண் பட்டையும், நாடா முனைக்கு 240-ஆம் எண் பட்டையும் ஏற்றவை. பல்லுள்ள கதிரரிவாளை இதில் வைக்கலாகாது, பற்கள் தேய்ந்துவிடும்.

எச்சரிக்கை

நாம் பார்வையிடச் சென்ற ஓரிடத்தில் அங்கத்தினர் ஒருவரின் தோள்துண்டு சுழலும் சக்கரத்தில் சிக்கியது. அருகிலிருந்தவர் உடனே மின்சாரத்தை நிறுத்தியதனால் அவர் உயிர் தப்பினார். துண்டையும் கையுறையையும் கழற்றி, வேட்டியை இறுகக் கட்டி, கண்ணாடி அணிந்த பின்னரே சாணைமுன் நிற்க வேண்டும். நிறுத்தும் விசை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மோட்டாருக்கு எர்த் கம்பி இன்றியமையாதது. தறிக்கூடத்தில் இச்சாணையை ஒருபோதும் வைக்கலாகாது. ஒரு தீப்பொறி பஞ்சுத் தூசில் விழுமாயின் தறியும் பாவும் வீடும் எரிந்துபோகும்.

கூட்டு முயற்சி

ஒவ்வொரு வீட்டிற்கும் தனிச் சாணை தேவையில்லை. பத்துக் குடும்பங்கள் கூடி ஒன்றை அமைத்துக் கொள்ளலாம். பயன்படுத்தியவர் பெயரைப் பதிவேட்டில் எழுதி, பட்டைச் செலவைப் பகிர்ந்துகொள்க. பழுது பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். பொறுப்பாளர் இல்லாத பொதுப் பொருள் விரைவில் துருப்பிடிக்கும். திருவல்லிக்கேணியில் 1904-இல் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் பலர் சேர்ந்து வாங்குவதன் பயனையே எடுத்துக் காட்டியது.

வினாக்கள்

1. மேற்சக்கரத்தின் நடுப்பகுதி ஏன் உயர்ந்திருக்க வேண்டும்?
2. அலகு நீலநிறம் அடைவது எதைக் காட்டுகிறது?
3. உங்கள் சங்கத்தில் சாணையை எங்கு வைப்பீர்கள்? யார் பொறுப்பேற்பார்?

மூன்றாம் வினாவிற்கு அடுத்த கூட்டத்தில் விடை கண்டு, தீர்மானமாக எழுதிக் கொள்வீர்களாக.