கூடத்தில் ஒரு காது

எங்கள் சித்தூர் வீட்டில் காலையில் எந்த மொழி பேசுவோம் என்பது, யார் முதலில் எழுந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அத்தை எழுந்தால் தமிழ். அவர் பிறந்த ஊர் குடியாத்தம். வேலைக்கு வரும் அம்மா வந்து கதவைத் தட்டினால் தெலுங்கு. பிள்ளைகள் எழுந்தால் பள்ளிக்கூட இங்கிலீஷோடு இரண்டும் கலந்து வரும். 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. எங்களைப் போன்ற வீடுகளில் அந்த எல்லைக்கோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் எங்கேயோ ஓடுகிறது. இப்படிப்பட்ட வீட்டுக்குள் இங்கிலீஷும் இந்தியும் மட்டும் தெரிந்த ஒரு பேசும் பெட்டியைக் கொண்டுவந்து, ஆறு பேரும் சண்டையில்லாமல் பயன்படுத்தும்படி செய்த கதை இது. திருப்பதி பைராகிப்பட்டெடையில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கும் நான்தான் அமைத்துக் கொடுத்தேன். இங்கே அமேசான் எக்கோ, அங்கே கூகுள் நெஸ்ட் மினி.

முதலில் நாங்கள் வைத்துக்கொண்ட விதியைச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் நின்று உரக்கச் சொல்லக்கூடிய விஷயம் மட்டும்தான் அந்தப் பெட்டிக்குள் போகும். பாட்டு, மழை வருமா, குக்கருக்கு டைமர், கடைச் சாமான் பட்டியல் எல்லாம் போகலாம். அவரவர் மெயில், காலண்டர், போன் நம்பர்கள், பணம் இவற்றுக்கு அங்கே இடமில்லை; அதெல்லாம் அவரவர் போனிலேயே இருக்கட்டும். விற்கிறவர்கள் இதற்கு நேர் எதிராகத்தான் சொல்வார்கள், எல்லாவற்றையும் இணைத்தால்தான் சுகம் என்று. தனியாக வாழ்கிறவருக்கு அது சரி. மாமியார், மருமகள், நாத்தனார், வளரும் பிள்ளை என்று இருக்கிற வீட்டுக்குச் சரிப்படாது.

இதற்கு முதல் வேலை கணக்கு. வீட்டுக்காரர் போனில் ஏற்கெனவே இருக்கும் கணக்கையே போட்டுவிடுவதுதான் வழக்கம். அப்புறம் அவர் ஆர்டர் செய்த சாமான் வரும் செய்தியைப் பெட்டி கூடத்துக்கே அறிவிக்கும். பிறந்தநாளுக்கு ரகசியமாக வாங்கிய புடவையும் அதில் அடங்கும். வீட்டுக்கென்று தனியாக ஒரு மெயில் முகவரி தொடங்குங்கள். அதில் கார்டு எதையும் சேர்க்க வேண்டாம். குரலால் பொருள் வாங்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நாலு இலக்க ரகசிய எண் வைக்கலாம்தான். ஆனால் கூடத்தில் வாய்விட்டுச் சொல்லும் எண் எட்டு வயதுப் பையனுக்கு அன்றைக்கே மனப்பாடம். பாஸ்வேர்டை கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். போனைத் தொலைத்தவரோடு சேர்ந்து பெட்டியும் ஊமையாகிவிடக்கூடாது.

மொழிதான் பெரிய பாடு. நான் அமைத்தபோது எக்கோவின் மொழிப் பட்டியலில் இங்கிலீஷும் இந்தியும் இருந்தன, தமிழும் தெலுங்கும் இல்லை. பாட்டுப் பெயரைத் தமிழிலோ தெலுங்கிலோ சொன்னால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். வாக்கியமாகப் பேசினால் திணறும். "நான் சொல்றது அதுக்குப் புரியலை, அது சொல்றது எனக்குப் புரியலை, அப்புறம் எதுக்கு இது?" என்றார் அத்தை. நியாயமான கேள்வி. இதற்கு ஒரு வழி இருக்கிறது. எக்கோவை அமைக்கும் அலெக்சா ஆப்பில் ரொட்டீன் என்று ஒன்று உண்டு. இந்தச் சொல்லைக் கேட்டால் இந்த வேலையைச் செய் என்று நாமே எழுதி வைக்கலாம். அத்தையை நாலைந்து தடவை அவர் வழக்கப்படியே "சாமி பாட்டு" என்று சொல்லச் சொன்னேன். பிறகு ஆப்பில் வாய்ஸ் ஹிஸ்டரியைத் திறந்தால், பெட்டி காதில் வாங்கியது எழுத்தில் இருக்கும். "சம்மி பட்டு" என்பது மாதிரி ஏதோ ஆங்கில எழுத்தில் கிடந்தது. அந்தத் தப்பான எழுத்தையே ரொட்டீனின் சொல்லாகப் போட்டேன். உடனே பாடியது. ஒரே ரொட்டீனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்களைக் கொடுக்கலாம் என்பதால், பிள்ளைகள் சொல்லும் விதத்தையும் பக்கத்திலேயே சேர்த்தாயிற்று. பெரியவர்களைப் பெட்டியின் உச்சரிப்புக்குப் பழக்குவதைவிட, பெட்டியை அவர்கள் வாய்க்குப் பழக்குவது சுலபம். தமிழில் கேள்வி கேட்டுத் தமிழில் பதில் வேண்டுமென்றால் போன்தான். போனிலிருக்கும் கூகுள் அசிஸ்டென்டுக்குத் தமிழும் தெலுங்கும் வந்துவிட்டன.

விடிகாலைப் பாட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும், எங்கள் பக்கத்து வீடுகளில் சுப்ரபாதம் இல்லாமல் பொழுது விடியாது. 1963-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பதிவுதான். ரொட்டீனில் நேரத்தைக் குறித்து, முதலில் ஒலியளவைக் குறைக்கும் கட்டளை, கடைசியில் பாட்டு என்று வரிசைப்படுத்துங்கள். பாட்டுக்குப் பின்னால் வேறு வேலை வைக்க அது விடாது. முந்தின இரவு சினிமாப் பாட்டுக்காக ஏற்றிய சத்தத்தில் சுப்ரபாதம் கிளம்பினால் பரீட்சைக்குப் படித்துவிட்டுத் தூங்கும் பிள்ளை என்ன ஆவது? எத்தனை நிமிடத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அங்கேயே குறிக்கலாம். மார்கழியில் திருமலையிலேயே சுப்ரபாதத்துக்குப் பதில் ஆண்டாளின் திருப்பாவைதான். அத்தை அதை விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால் எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவையை இன்னொரு ரொட்டீனாக எழுதி, டிசம்பர் நடுவில் ஒன்றை அணைத்து மற்றதைப் போடுகிறோம், பொங்கலுக்கு மாற்றுகிறோம். திருப்பதி வீட்டையும் இதே பாட்டுச் சந்தாவில் சேர்த்துவிடலாமே என்று தங்கை கேட்டாள். வேண்டாம் என்றேன். பல பாட்டுச் சந்தாக்கள் ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தான் பாடும். அங்கே ஆரம்பித்தால் இங்கே நின்றுபோகும்.

நினைவூட்டலிலும் கூடத்து விதிதான். மாத்திரையின் பெயரையோ நோயின் பெயரையோ போடாதீர்கள். சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது "சர்க்கரை மாத்திரை" என்று அது கத்தினால் அத்தைக்கு எப்படி இருக்கும்? எங்கள் பெட்டி இரவு எட்டு மணிக்கு "கிரீன் பாக்ஸ்" என்கிறது. எந்த டப்பா என்று தெரிய வேண்டியவருக்குத் தெரியும். ஆனால் மாத்திரையை இதை மட்டும் நம்பி விடக்கூடாது. கோடைக் காற்றுமழைக்குக் கரண்ட் போனால் பெட்டி வாயே திறக்காது. திருப்பதி வீட்டின் முக்கிய நினைவூட்டலோ வேறு. திருமலையின் 300 ரூபாய் தரிசன டிக்கெட் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் மாதத்தின் 24-ஆம் தேதி காலை 10 மணிக்கு இணையத்தில் திறக்கிறது. திருப்பதியில் வீடு இருந்தால் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் டிக்கெட் கேட்பார்கள் என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பத்து நிமிடம் முன்னதாக எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி அது சொல்லிவிடும்.

நெஸ்ட் மினியில் ஆறு பேர் குரலைப் பதிந்து வைக்கலாம். யார் கேட்கிறார்கள் என்று பார்த்து அவரவர்க்கு ஏற்ற பதில் தரும் என்பது ஏற்பாடு. என் குரலுக்கும் தங்கை குரலுக்கும் போனில் எங்கள் அப்பாவே வித்தியாசம் காண மாட்டார். பெட்டி மட்டும் எப்படிக் காணும்? ஒத்த குரலோ பதிவு செய்த குரலோ ஏமாற்றக்கூடும் என்று கூகுளே எச்சரிக்கிறது. ஆகவே குரல் பதிவைப் பாட்டு ரசனைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பூட்டாக நம்பாதீர்கள். தனிப்பட்ட தகவல்களைச் சொல்லும் வசதியை அணைத்துவிடுங்கள்.

வைக்கும் இடம்: டிவிக்குப் பக்கத்தில் வேண்டாம், மிக்ஸிக்குப் பக்கத்திலும் வேண்டாம். விளம்பரத்தில் அலெக்சா என்ற பெயர் வந்தாலே விழித்துக்கொள்ளும் என்பதால் அழைக்கும் பெயரை எக்கோ என்று மாற்றினோம். வீட்டில் வரவுசெலவு, கல்யாணப் பேச்சு, சண்டை எது தொடங்கினாலும் மைக்கை அணைக்கும் பட்டனை அழுத்துவது அத்தையின் பொறுப்பு. எக்கோவில் சிவப்பு விளக்கு எரியும், நெஸ்டில் ஆரஞ்சு. இங்கிலீஷ் தெரியாதவருக்கும் அது புரியும்.

பிள்ளைகள் பேசியது சேர்ந்துகொண்டே போகாமலிருக்க, மூன்று மாதத்தில் தானாக அழியும்படி எக்கோவில் அமைக்கலாம், அமைத்துவிடுங்கள். குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்த வழக்கில் 2023-ல் அமெரிக்காவில் அமேசான் இரண்டரைக் கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. கெட்ட வார்த்தைப் பாட்டுகளைத் தடுக்கும் வடிகட்டியும் உண்டு. தெலுங்குக் குத்துப்பாட்டு அதில் சிக்குவதில்லை, அதற்கு அத்தைதான் வடிகட்டி.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தப் போகிறார் என்றால் வாங்காதீர்கள், கையிலிருக்கும் போனே போதும். எல்லோருக்கும் என்றால், பெட்டியைப் பிரிக்கும் அன்றைக்கு வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் ரொட்டீனை அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள்.