நீ நிற்பதாக இருந்தால்

கோபிநத்தம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

தாத்தா எழுதுவது. போனில் பேசினால் பாதிப் பேச்சு சிக்னலோடு போய்விடும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

வருகிற பஞ்சாயத்துத் தேர்தலில் நம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்று சொல்லி, உன்னை நிறுத்தலாமா என ஊரில் சிலர் உன் அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். செலவெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். மைசூர் வேலையை நீ விட வேண்டாமாம். கூட்டத்தன்று வந்து கையெழுத்துப் போட்டால் போதுமாம். "அரசியலே சாக்கடை, எனக்கு எதுக்கு தாத்தா?" என்று நீ கேட்டிருக்கிறாய்.

அவர்கள் சொன்னதற்கு முதலில் பதில் சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடு. உனக்காக ஒருவர் செலவு செய்தால், ஜெயித்த பிறகு அவர் கேட்கும் தீர்மானத்துக்கு நீ கை தூக்க வேண்டியிருக்கும். ரோடு போடாமலே பில் எடுப்பார்கள், கையெழுத்து உன்னுடையதாக இருக்கும். பிற்பாடு விசாரணை வந்தால் பணம் போட்டவரை யாரும் தேட மாட்டார்கள், உன்னைத்தான் கூப்பிடுவார்கள். பெண்களுக்கு இடம் ஒதுக்கியது இதற்காக அல்ல. 1983-இல் ராமகிருஷ்ண ஹெக்டே ஆட்சியில் அப்துல் நசீர் சாப் என்ற மந்திரி கொண்டுவந்த பஞ்சாயத்துச் சட்டத்தில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கினார்கள். ஊர் ஊராக போர் போட்டுத் தண்ணீர் கொடுத்ததால் அவரை ஜனங்கள் 'நீர் சாப்' என்றே கூப்பிட்டார்கள். அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் 73-ஆவது திருத்தம் வந்து நாடு முழுக்க மூன்றில் ஒரு பங்கு ஆனது. இப்போது கர்நாடகத்தில் பாதி. அந்தப் பாதியில் வந்து உட்கார்கிற பெண், தானே படித்துத் தானே கையெழுத்துப் போடுகிறவளாக இருக்க வேண்டும்.

நீ சொன்ன சாக்கடைப் பேச்சுக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். நீ பிறந்த நேரத்தில் நம் ஊரின் கெட்ட காலம் முடிந்துகொண்டிருந்தது, அதனால் உனக்குத் தெரியாது. இப்போது ஜங்கிள் லாட்ஜஸ்காரர்கள் கூடாரம் போட்டு, பெங்களூரிலிருந்து வருகிறவர்களைக் காட்டுக்குள் நடக்கக் கூட்டிப் போகிறார்கள். வருகிறவர்கள் கேட்பதெல்லாம் சந்தனக் கடத்தல் வீரப்பன் பிறந்த இடம் எது என்றுதான். நம் ஊரை வெளியே யாரிடம் சொன்னாலும் அந்த ஒரு பேர்தான் முதலில் வரும். நீயும் மைசூரில் அதைக் கேட்டிருப்பாய்.

இந்த மண்ணில் அரசாங்கம் என்ற ஒன்று நல்ல முகத்தோடும் வந்திருக்கிறது. ஆந்திராவின் ராஜமுந்திரியைச் சேர்ந்த வனத்துறை அதிகாரி பி.சீனிவாஸ் நம் ஊரிலேயே வந்து தங்கினார். வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தார், மாரியம்மன் கோயில் கட்டினார், ஜனங்களோடு உட்கார்ந்து பேசினார். வீரப்பன் கும்பலில் இருந்தவர்கள் சரணடைந்து பிழைக்க வழி செய்தார். வீரப்பனும் சரணடைவான் என்ற பேச்சை நம்பி ஆயுதம் இல்லாமல் போனவரை 1991 நவம்பர் 10 அன்று கொன்று தலையை வெட்டினான். அரசாங்கம் அவருக்குக் கீர்த்தி சக்ரா கொடுத்தது. ஊர் அவரை இன்னும் கும்பிடுகிறது. அதிகாரி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று உனக்குத் தெரிய வேண்டுமானால் அந்த மனுஷனைப் பற்றி விசாரி.

அதற்கப்புறம் வந்தது அரசாங்கத்தின் வேறு முகம். அது எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். 1992 ஆகஸ்டில் மீண்யம் பக்கத்தில் எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவும் சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவும் வீரப்பன் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுப் பக்கம் கண்ணிவெடி வைத்ததில் 22 பேர் செத்தார்கள். போலீஸ்காரர்கள், வனக்காவலர்கள், அவர்களுக்குத் துணைக்குப் போன ஊர்க்காரர்கள் என்று எல்லாரும் அந்த 22-இல் உண்டு. அதைச் செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்கள், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பிறகு கர்நாடகம், தமிழ்நாடு இரண்டு மாநில அதிரடிப்படையும் மலையைச் சலித்தபோது, காட்டுக்குள் இருந்தவன் கையில் அகப்படவில்லை. அகப்பட்டது ஊரில் இருந்தவர்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் மைசூர் ஜெயிலில் அடைத்தார்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே கோர்ட்டில் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்ன சட்டம் அது. 2001 செப்டம்பரில் மைசூர் தடா கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 14 பேருக்குத் தண்டனை, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை. கைதானதிலிருந்து எட்டு வருஷத்துக்குப் பக்கம் ஆகியிருந்தது. எட்டு வருஷத்தில் ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் போய் மூன்றாம் வகுப்பு வந்துவிடும். குற்றமில்லை என்று அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த வருஷங்களை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

மாதேஸ்வரன் மலையில் விசாரணை நடந்த இடத்தை ஜனங்கள் 'ஒர்க்‌ஷாப்' என்று சொன்னார்கள். அங்கே அடித்தார்கள், கரண்டு வைத்தார்கள் என்று பலர் சொன்னது வெறும் ஊர்ப்பேச்சாகவே போயிருக்கும். அதை மனுவாக எழுதி தேசிய மனித உரிமை ஆணையம் வரைக்கும் சிலர் கொண்டுபோனார்கள். ஆணையம் 1999-இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.ஜே.சதாசிவா, முன்னாள் சி.பி.ஐ. இயக்குநர் சி.வி.நரசிம்மன் இருவரையும் வைத்து ஒரு குழு போட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அந்தக் குழு முன்னால் வந்து, தங்களுக்கு நடந்ததைத் தங்கள் வாயால் சொன்னார்கள். வீட்டு ஆம்பளைகளிடமே சொல்லக் கூசுகிற விஷயங்களை, பேர் சொல்லி, பதிவில் ஏறும்படி சொன்னார்கள். இந்த மலைப்பக்கத்தில் அதைவிடப் பெரிய அரசியல் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2003 முடிவில் அறிக்கை வந்தது. 2007 ஜனவரியில் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி ஆணையம் பரிந்துரைத்தது.

இதையும் பக்கத்தில் வைத்துப் பார். 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி பக்கம் வீரப்பன் கொல்லப்பட்டான். சில வாரங்களுக்குள் தமிழ்நாடு அரசு அதிரடிப்படையின் 752 பேருக்கும் ஆளுக்கு 3 லட்சமும் வீட்டுமனையும் பதவி உயர்வும் அறிவித்தது. உயிரைப் பணயம் வைத்தவர்களுக்குப் பரிசு கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே அரசாங்கங்களுக்கு, தவறாக அடிபட்டவர்களின் பேரைக் கணக்கில் எடுக்க மட்டும் ஏன் இத்தனை வருஷமும் ஒரு ஆணையமும் தேவைப்பட்டது? இந்தக் கேள்வியை நீ எந்தக் கட்சிக்காரரிடமும் கேட்கலாம்.

இந்த இடத்தில் இன்னொருவரையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2000 ஜூலை 30 ராத்திரி நடிகர் ராஜ்குமாரை தொட்டகாஜனூரில் வைத்து வீரப்பன் கடத்தினான். மைசூர் ஜெயிலில் இருந்த தடா கைதிகளை விடச் சொன்னான். இரண்டு அரசாங்கமும் பணிந்து வழக்கைக் கைவிடப் பார்த்தன. அப்போது உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் ஒரே ஒரு தகப்பன், செத்துப்போன ஷகீல் அகமதுவின் அப்பா அப்துல் கரீம். என் மகனைக் கொன்ற வழக்கை ஒரு மிரட்டலுக்காக எப்படிக் கைவிடுவீர்கள் என்பதுதான் அவர் கேள்வி. 2000 நவம்பர் 7 அன்று கோர்ட்டு அவர் பக்கம் நின்றது. ஒரு வாரம் கழித்து, பிடிபட்ட 108-ஆவது நாள், ராஜ்குமார் பத்திரமாகத் திரும்பினார்.

நம் ஆட்களில் சிலருக்கு அப்போது அவர்மேல் கோபம். உள்ளே இருந்த நம் சனம் வெளியே வந்திருக்குமே என்ற கோபம். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அவர் கேட்டது நியாயம் என்றுதான் நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அவர்கள் வெளியே வந்திருக்க வேண்டியது சீக்கிரமாக நடந்த ஒழுங்கான விசாரணையால், ஒருவனைக் கடத்தி வைத்துப் பேரம் பேசியதால் அல்ல. ஜெயிலில் கிடந்த அப்பாவியும் மகனைப் பறிகொடுத்த அந்தத் தகப்பனும் ஒரே அரசாங்கத்திடம் ஒரே கணக்கைத்தான் கேட்டார்கள். இதில் ஒருவருக்கு நியாயம் கேட்டு இன்னொருவரை மறந்துவிடாதே. "அவன் நம்ம ஆள், நம்ம சாதி, நம்ம பாஷை" என்று சொல்லித்தான் ஒரு காலத்தில் நிறைய பேர் வீரப்பனிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டார்கள். போலீசுக்குத் துப்புச் சொன்னான் என்று சந்தேகப்பட்டு அவன் கொன்றவர்களும் நம்ம ஆட்கள்தான்.

விடாமல் நியாயம் கேட்ட இன்னொரு ஊரையும் சொல்கிறேன். காவேரிக்கு அந்தப் பக்கம், தருமபுரி மாவட்டத்தில் அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடப் போகிறோம் என்று வனத்துறை, போலீஸ், ரெவின்யூ ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்களைக் கெடுத்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் விடாமல் கோர்ட்டுக்கு அலைந்தார்கள், வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 அதிகாரிகள், ஊழியர்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்று தருமபுரி கோர்ட்டு சொன்னது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. முப்பது வருஷம் ஆனது என்று நீ சொல்லலாம். எழுத்தறிவில்லாத ஒரு மலை ஊர் 269 அரசாங்க ஆட்களைக் கூண்டில் ஏற்றியது என்றும் சொல்லலாம். இரண்டையும் சேர்த்தே மனதில் வை.

உன் வயதுப் பிள்ளைகளுக்குக் கோபம் வருவது எனக்குப் புரிகிறது. 2024 பார்லிமெண்ட் தேர்தலில் நம் ஹனூர் தாலுகாவிலேயே, மலைமேல் இண்டிகநத்த ஊர்க்காரர்கள் ரோடு இல்லை, தண்ணீர் இல்லை என்று ஓட்டுப் போட மறுத்தார்கள். அதிகாரிகள் சமாதானம் பேச வந்த இடத்தில் தகராறு முற்றி ஓட்டு மெஷினை உடைத்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து மறு ஓட்டுப்பதிவு நடந்தது. ஊர்க்காரர்கள் மேல் வழக்குப் பாய்ந்தது. அவர்கள் கேட்டது அத்தனையும் நியாயமான கோரிக்கை. மெஷின் உடைந்த அன்றைக்கு அந்தக் கோரிக்கையை எல்லாரும் மறந்தார்கள், உடைத்தது யார் என்பது மட்டும் பேச்சானது. இத்தனை வருஷம் ஏன் ரோடு போடவில்லை என்று பதில் சொல்ல வேண்டிய ஆபீசர் தப்பித்துக்கொண்டார்.

ஆகவே கண்ணு, தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய். அதற்கு முன் ஒரு வருஷம் மெம்பராக இல்லாமலே கேள்வி கேட்டுப் பார். கிராம சபை நடக்கும் நாளில் லீவு போட்டுவிட்டு வா. வீடு யார் யாருக்கு ஒதுக்கினார்கள் என்ற பட்டியலைச் சபையில் வாசிக்கச் சொல். நூறு நாள் வேலை என்று நாம் சொல்கிற வேலையில் மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பட்டியலில் இருக்கிற பேர்களைக் கேள். செத்தவர் பேரும், ஊரை விட்டுப் போனவர் பேரும் அதில் இருந்தால் எழுந்து நின்று சொல். சோஷியல் ஆடிட் நடக்கும் தேதியைப் பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரியிடம் முன்னாடியே கேட்டு வாங்கி வை.

வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். எழுதிக் கேள். தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டு அட்டை உள்ளவருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல் அதிகாரிக்கு அப்பீல், அங்கேயும் இல்லையென்றால் பெங்களூரில் தகவல் ஆணையம். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயத்தைத்தான் கேட்கலாம், 150 வார்த்தைக்குள் முடிக்கச் சொல்கிறது விதி. அதனால் புலம்பலுக்கு இடமில்லை. எந்த வேலை, எந்த வருஷம், எவ்வளவு தொகை, யார் அளந்தது, பில்லின் நகல் வேண்டும் என்று மட்டும் எழுது. கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்காமல் வராதே.

கன்னடத்தில் எழுது. வீட்டில் நாம் தமிழ் பேசுகிறோம், சாமி கும்பிடுவது தமிழில், கல்யாணம் காரியம் எல்லாம் மேட்டூர், கொளத்தூர்ப் பக்கம். ஆனால் நம் நிலத்துப் பத்திரமும் ரேஷன் அட்டையும் கேஸ் கட்டும் கன்னடத்தில் இருக்கின்றன. தாலுகா ஆபீசில் நம் சனம் இன்னொருவர் படித்துக் காட்டுவதை நம்பி ரேகை வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நீ மைசூரில் படித்தவள். உனக்குத் தெரிந்த கன்னடம் ஊருக்குச் சொந்தம். சாயங்காலத்தில் நாலு பெண்களை உட்கார வைத்து அவர்கள் தாளை அவர்களே படிக்கச் சொல்லிக்கொடு. படிக்காத தாளில் யாரும் விரல் வைக்கக் கூடாது என்பதை ஊர்க் கட்டுப்பாடாகவே கொண்டுவர முடிந்தால் கொண்டுவா.

ஓட்டுக்குப் பணம் கொடுக்க வருவார்கள், அதை வாங்காதே என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அத்தை, சித்தி வாங்குவார்கள். அவர்களோடு சண்டை போடாதே. அந்த ஐந்நூறு ரூபாய் அவர்களுக்கு ஒரு வாரத்து மளிகை. அதை வாங்கின பிறகும் கிராம சபையில் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது என்பதை மட்டும் சொல். வாங்கிவிட்டோமே என்ற கூச்சத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஒரு வருஷம் இதையெல்லாம் செய்து பார். ஊரில் நாலு பேருக்கு உன்மேல் கோபம் வரும், நாற்பது பேர் உன்னைத் தேடி வருவார்கள். அதற்குப் பிறகும் நிற்க வேண்டும் என்று தோன்றினால் நில். உன் சொந்தச் சம்பளத்தில் டெபாசிட் கட்டு, வீடு வீடாக நடந்து ஓட்டுக் கேள். மைசூர் வேலையை விட வேண்டியிருந்தால் அதையும் யோசித்து முடிவு செய். மெம்பர் வேலையை ஊரில் இருந்துதான் பார்க்க முடியும்.

நீ அப்படி நின்றால் என் ஓட்டு உனக்குத்தான். முதல் கிராம சபையில் உன் வார்டு வேலைக்குப் பில் கேட்டு எழுந்து நிற்கிற முதல் ஆளும் நானாகத்தான் இருப்பேன். அன்றைக்குக் கோபப்படாமல் பதில் சொல்ல இப்போதே தயாராகு.

உன் அன்புள்ள,
தாத்தா