இரங்கலும் இழவும்: வசன கவிதையில் தனுஷ்கோடி நினைவேக்கம்

நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கலில், தலைவன் மீள்வான் என்னும் எதிர்பார்ப்புப் பெரும்பாலும் பொதிந்திருக்கும். 1964 டிசம்பர் 22–23 இரவுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியை நினைந்தெழும் ஏக்கத்திற்கு அவ்வெதிர்பார்ப்பு இல்லை. புயலுக்குப்பின் அவ்வூர் குடியிருப்பிற்கு ஏற்றதன்று என அரசு அறிவித்தது. எனவே, இவ்வேக்கத்தைத் தொல்காப்பியர் அழுகைக்குக் கூறும் நிலைக்களன்கள் நான்கனுள் ‘இழவு’ என்பதோடு பொருத்துவதே தகும்.

இழவைப் பாட வசன கவிதை ஏற்ற வடிவமாகும். யாப்பின் ஓசை துயரை ஓரளவு ஆற்றும். வசன கவிதையில் அவ்வாறுதல் குறைவு. பாரதியின் ‘காற்று’ கயிற்றுக்கும் பெயரிட்டுப் பேசுகிறது. அந்நெறியில், கூரையிழந்த தேவாலயம், தொடர்வண்டி நிலையச் சுவர், மணல் மூடிய தண்டவாளம் ஆகியவற்றைப் பெயர்சொல்லி நிறுத்தினாலே போதும். பெயர் இருக்கப் பொருள் இல்லாமையே மெய்ப்பாட்டைத் தோற்றுவிக்கும். ஏக்கத்தை வெளிப்படக் கூறுதல் அவ்வீர்ப்பைக் குறைக்கும்.