உயர்தரப் பரீட்சைக்கு வீடும் ஆயத்தமாகட்டும்



வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி அவ்வூர் மகா வித்தியாலயக் கட்டடங்களில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1986 ஒக்டோபர் 1ஆம் திகதி பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1990இல் அதே வளாகம் அகதிமுகாமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி படையினர் அங்கிருந்து கொண்டுசென்ற 158 பேர் திரும்பி வரவில்லை. இத்தனைக்குப் பின்னும் அங்கு படிப்பு நடக்கிறது. வயலை விட்டு வந்த குடும்பத்தின் பிள்ளையும் அங்கு விவசாயம் கற்கலாம். அதற்கு வழி க.பொ.த. உயர்தரப் பரீட்சை.

1. பாடத் தெரிவு

உயிரியல், இரசாயனவியலுடன் பௌதிகவியலையோ விவசாய விஞ்ஞானத்தையோ எடுக்கலாம். விவசாய விஞ்ஞானம் எடுத்தவர் விவசாய பீடத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவ பீடத்துக்கு முடியாது. ஆகவே தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

2. தெரிவு நடக்கும் முறை

மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். மூன்று தடவை தோற்றலாம்.

தெரிவு இசட் புள்ளியைக் கொண்டே நடக்கிறது. ஏக்கருக்கு 30 மூடை நல்ல விளைச்சலா? வாய்க்கால் தண்ணீர் தாராளமாகப் பாயும் வட்டையில் அது சாதாரணம். மானாவாரியில் பெரிய காரியம். அப்படியே, ஒருவர் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதை இசட் புள்ளி காட்டுகிறது.

பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியது. அந்தப் 16இல் மட்டக்களப்பும் ஒன்று.

3. பத்திரங்கள்

பிள்ளை எந்த மாவட்டத்தவர் என்பதைப் படித்த பாடசாலைகளையும் வதிவிடத்தையும் கொண்டே முடிவு செய்வார்கள். முகாம் விட்டு முகாம் மாறியவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, ஒவ்வொரு பாடசாலையின் விடுகைப் பத்திரம் ஆகியவற்றை ஒரு பொலித்தீன் உறையில் இட்டுப் பாதுகாருங்கள். தொலைந்ததை இன்றே திரும்பப் பெற முயலுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கிய பின் ஓடித்திரிவதில் பயனில்லை.

4. பயிற்சி

இரசாயனவியலின் முதற் பகுதியில் 50 வினாக்கள். நேரம் இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. எனவே பழைய வினாத்தாள்களை மணிக்கூட்டை முன்வைத்துச் செய்யுங்கள். பிழைத்தவற்றைத் தனிக் கொப்பியில் எழுதி, மறுவாரம் மீண்டும் செய்யுங்கள். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கமாட்டார்கள். ஒரு வினாவையும் வெறுமையாக விடாதீர்கள்.

ஒரே விளக்கில் நான்கு பிள்ளைகள் சேர்ந்து படிக்கலாம். அறுவடைக் காலத்திலும் பரீட்சைப் பிள்ளையை வேலைக்கு மறிக்காதீர்கள்.

5. பெறுபேற்றின் பின்

சித்தியடைந்தால் மட்டும் இடம் கிடைக்காது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் கைநூலை முழுவதும் வாசியுங்கள்.

கலந்துரையாட:

அ) நம் முகாமில் எத்தனை பிள்ளைகளுக்கு விடுகைப் பத்திரம் இல்லை? அதைப் பெற்றுக்கொடுக்க யார் போவது?

ஆ) மாலையில் பிள்ளைகள் கூடிப் படிக்க எந்த இடத்தை ஒதுக்கலாம்?