இரையும் வயிறு, அடங்கும் வயிறு

வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஆடு பிடிக்க வருகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், தூக்கி எடை பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: இடப்பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் கையை அழுத்தி வைத்துக் காத்திருப்பார்கள். நல்ல ஆடென்றால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை பெருவயிறு புரண்டு கையைத் தள்ளும். அரிசியோ தானியமோ அளவுக்கு மீறித் தின்ற ஆட்டில் அந்த அசைவு நின்றுபோகும், பள்ளம் உப்பும். நானும் கை வைத்துப் பார்த்துத்தான் விலை பேசுவேன். வியாபாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மனிதக் குடலும் இப்படி ஓயாமல் அசைந்து சத்தம் போடுவதுதான். நிமிடத்துக்கு 5 முதல் 30 வரை இயல்பு என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1905-லேயே இந்தச் சத்தங்களின் தாளத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்.

நைட் ஷிப்ட் முடித்து வெறும் வயிற்றோடு ஓசூரிலிருந்து பஸ் ஏறுபவருக்கு வயிறு கடமுடவென்று இரைந்தால் பயமில்லை. பட்டினியில் சுமார் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குடல் தன்னைத்தானே கூட்டிப் பெருக்கிக்கொள்ளும். பால் குடித்த பிறகு இரைச்சலும் உப்புசமும் வந்தால், பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் இருக்கலாம். வயிற்றுப்போக்கில் சத்தம் கூடும். அப்போது கவனிக்க வேண்டியது உடம்பில் நீர் குறைவதை. உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்கிவிட வேண்டும்.

அடைப்பு வேறு ரகம். பழைய ஆபரேஷன் தழும்பின் உட்புறம் குடல் ஒட்டிக்கொண்டாலோ, குடலிறக்கத்தில் சிக்கிக்கொண்டாலோ, முதலில் கீச்சென்ற உச்சக் குரலில் சத்தமும் விட்டு விட்டுப் பிடித்திழுக்கும் வலியும் வரும். பிறகு குடல் களைத்து அடங்கும். வலி குறைந்ததாக வீட்டார் நிம்மதியடைவது இந்த இடத்தில்தான், அது தப்பு. ஆபரேஷனுக்குப் பின் "காத்து பிரிஞ்சுதா?" என்று நர்ஸ் கேட்பது வெறும் விசாரிப்பு அல்ல, குடல் மறுபடி வேலைக்கு வந்ததா என்ற சோதனை. சத்தத்தை மட்டும் வைத்து எந்த டாக்டரும் முடிவு சொல்லிவிட மாட்டார். எக்ஸ்-ரேயோ ஸ்கேனோ தேவைப்படும்.

வயிறு உப்பி, பச்சையாக வாந்தி வந்து, மலமும் காற்றும் நின்றுவிட்டால், சோடாவோ கஷாயமோ பேதி மாத்திரையோ வாயில் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.