கையில் வந்த சீட்டின் மதிப்பு என்ன?



சீட்டு என்றாலே வீட்டில் முகம் சுளிப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. காசு வைத்து ஆடிச் சம்பளத்தைத் தொலைத்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் பிரிட்ஜ் வேற ரகம். போட்டிகளில் ஒரே சீட்டுகளையே மேசைக்கு மேசை மாற்றி ஆட வைப்பார்கள். ஆகவே, "எனக்கு நல்ல சீட்டு வரலை" என்ற சாக்கு அங்கே எடுபடாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் இந்த ஆட்டத்தில்தான் இந்தியாவுக்குத் தங்கம் வென்றார்கள்.

ஆட்டம் இதுதான். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. நாலு பேரும் ஒவ்வொரு சீட்டு போட்டதும் ஜெயித்தவர் அள்ளுவது ஒரு பிடி. மொத்தம் 13 பிடி. ஆனால் ஆடுவதற்கு முன்பே, எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலத்தில் சொல்லியாக வேண்டும். ஸ்பேடு துருப்பில் 10 பிடி கேட்டு எடுத்தால் 'கேம்' போனஸ். குறைந்தால் அபராதம். அதனால் கையை மதிப்பிடத் தெரியணும்.

முதல் வழி: பாயிண்ட்

ஆஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. ஒரு கட்டில் மொத்தம் 40. சராசரியாக ஆளுக்கு 10. மில்டன் வொர்க் என்ற அமெரிக்கர் 1920-களில் பரப்பிய கணக்கு இது. சுமார் 12, 13 இருந்தால் ஏலத்தைத் தொடங்கலாம். கூட்டாளிகள் இருவருக்கும் சேர்த்து 26 இருந்தால் 'கேம்' கேட்கலாம் என்பது பொது விதி.

இரண்டாம் வழி: நஷ்டக் கணக்கு

ஒவ்வொரு ஜாதிச் சீட்டிலும் முதல் மூன்றை மட்டும் பாருங்கள். ஆஸ், ராஜா, ராணி இவற்றில் இல்லாத ஒவ்வொன்றும் ஒரு நஷ்டம். இரண்டே சீட்டு என்றால் ராணியை விட்டுவிடுங்கள். ஒற்றைச் சீட்டு என்றால் ஆஸை மட்டும் பாருங்கள். துருப்பு இருவருக்கும் சேர்த்து எட்டாவது இருக்கும்போது, இரு கை நஷ்டத்தையும் கூட்டி 24-இல் கழித்தால் கிடைக்கக்கூடிய பிடி வரும்.

போட்டுப் பார்ப்போம்

உங்கள் கை: ஸ்பேடு ஆஸ், ராஜா, 9, 7, 4, ஆர்ட்டின் 3, டைமன் ராஜா, ராணி, 8, 2, கிளாவர் 8, 6, 5. பாயிண்ட் 12, நஷ்டம் 6.

கூட்டாளி கை: ஸ்பேடு ராணி, 8, 6, 3, ஆர்ட்டின் 9, 7, 5, 2, டைமன் ஆஸ், ஜாக்கி, 5, 4, கிளாவர் 7. பாயிண்ட் 7, நஷ்டம் 8.

மொத்தப் பாயிண்ட் 19தான். 26-க்கு எங்கே போவது? ஆனால் 24-இல் 14 போனால் 10. ஸ்பேடு துருப்பில் ஆடிப் பாருங்கள். பெரும்பாலும் 10 பிடி வந்துவிடும். உங்கள் கிளாவரைக் கூட்டாளி கையில் துருப்பால் வெட்டலாம்.

இப்போ கூட்டாளி கையை மட்டும் மாற்றுவோம்: ஸ்பேடு ராணி, 8, 6, 3, ஆர்ட்டின் ராஜா, ராணி, 5, 2, டைமன் 5, 4, கிளாவர் 7, 4, 2. அதே 7 பாயிண்ட், அதே 8 நஷ்டம். ஆனால் எதிராளி கிளாவரில் மூன்று, ஆர்ட்டின் ஆஸ், டைமன் ஆஸ் என ஐந்து பிடி எடுத்துவிடலாம். நமக்கு மிஞ்சுவது 8. ஆர்ட்டின் ராஜாவும் ராணியும் உங்கள் ஒற்றைச் சீட்டுக்கு எதிரே வந்து வீணாப் போச்சு!

வொர்க்ஷாப்பில் வெர்னியர் காட்டும் அளவு ஒன்று. ஷாஃப்ட் துளையில் உட்காருகிறதா என்பது வேறு. இங்கேயும் அப்படித்தான். எண்ணிக்கை ஆரம்பம் மட்டுமே. கூட்டாளி ஏலத்தில் சொல்லச் சொல்ல, உங்கள் கையின் மதிப்பு ஏறும், இறங்கும். அவர் நீளமாக வைத்திருக்கும் ஜாதியில் உங்கள் ராணிக்கு மவுசு. எதிராளி கேட்கும் ஜாதியில் அதே ராணி செல்லாக்காசு.

நாலு கையையும் மேசையில் விரித்து வைத்துப் பழகுங்கள். முதலில் எண்ணிப் பாருங்கள். கூட்டினால் 40 வரணும். பிறகு ஆடிப் பார்த்து, எந்தச் சீட்டு உழைத்தது, எது சும்மா இருந்தது என்று குறியுங்கள். செலவு ஒரு சீட்டுக்கட்டு மட்டுமே. காசு வைக்க வேண்டாம், தோழர்களே, கணக்கை வையுங்கள்!